பக்கத்து வீட்டில் கேட்கும் பழக்கம்: ஊடக அறிவைப் பள்ளியில் எந்த வழியில் கற்பிப்பது?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் 68 பேருக்கு 23 பேர்தான் வந்திருந்தார்கள். முந்தின இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஊரெல்லாம் ஒரு நியூஸ் கார்டு சுற்றியிருக்கிறது. ‘கனமழை: நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று பெரிய எழுத்து, ஓரத்தில் ஒரு தொலைக்காட்சியின் சின்னம். அப்படியொரு அறிவிப்பு அன்று வரவே இல்லை. மறுநாள் வகுப்பில் அந்தக் கார்டைத் திரையில் போட்டு, இதை யார் செய்திருப்பார்கள் என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “யாரும் செய்யல சார். அது நெசமான கார்டுதான். போன வருஷத்து கார்டு. மேல தேதி இருந்த எடத்த வெட்டிட்டாங்க.” எப்படித் தெரியும் என்றேன். “நேத்து சாயந்தரம் தேடிப் பாத்தேன் சார்” என்றாள். அவளும் முந்தின நாள் வராத 45 பேரில் ஒருத்திதான்.

அந்தப் பதில் என்னை நாள் முழுக்க விடவில்லை. தேடிக் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் கார்டு வந்த இரவில் அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவிட அவளுக்கும் தோன்றவில்லை, மற்ற 44 பேருக்கும் தோன்றவில்லை. நம் பிள்ளைகளிடம் அறிவு குறைவில்லை, பழக்கம்தான் இல்லை. அறிவுடைமை அதிகாரத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிற பையன்தான் அந்தக் கார்டைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பியிருந்தான்.

மழை லீவு சின்ன விஷயம். அதே பருவத்தில் ஒரு பிளஸ் ஒன் மாணவன், ‘இலவச லேப்டாப்புக்குப் பதிவு செய்ய’ என்று வந்த இணைப்பில் அம்மாவின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் நிரப்பிவிட்டு, இன்னும் எதுவும் வரவில்லையே என்று என்னிடம் வந்து கேட்டான். பள்ளியை முடித்துப் போகிற பையன்களுக்கு வருகிற ‘கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்’ விளம்பரங்கள் இதைவிடப் பயங்கரமானவை. அப்படி நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு, பிறகு மீட்கப்பட்ட செய்திகளை 2022 முதல் படித்துவருகிறோம். செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கடல் கடந்து போவது புதிதில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள், அங்கே யார் கடை, யார் முதலாளி என்று ஊரில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போனவர்கள். இன்றைக்கு அந்த நாலு பேர் இருந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும் இருக்கிறது.

தலைமையாசிரியர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அடுத்த வருஷம் இதுக்கு ஏதாவது செய்யலாம் சார். என்னென்ன வழி இருக்கு, எது நமக்குச் சரிப்படும்னு எழுதிக் குடுங்க, மேலாண்மைக் குழுவுல வைப்போம்” என்றார். அதற்காகத் தேடிப் படித்ததையும், சக ஆசிரியர்களோடு பேசியதையும், நாங்கள் ஏற்கெனவே செய்து பார்த்ததையும் வைத்து எழுதியது இது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்தில் இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும்.

எந்த வழியை எடுத்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி. ஆறு மாதம் கழித்து, ஒரு ராத்திரி வீட்டில், ஆசிரியர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, ஒரு ஃபார்வர்டு வந்தால் இந்தப் பிள்ளை நின்று பார்க்குமா? தேர்வில் ‘ஊடக அறிவு என்றால் என்ன’ என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண் வாங்குவது எனக்குப் பொருட்டில்லை.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஒருநாள் பயிலரங்கம். நாங்களும் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒன்று நடத்தினோம். வெளியூரிலிருந்து பயிற்றுநர் வந்தார், நன்றாகப் பேசினார், பிள்ளைகள் கைதட்டி ரசித்தார்கள். பயணச் செலவு, மதியச் சாப்பாடு, பேனர், சான்றிதழ் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது. மழை லீவு கார்டைப் பரப்பியவர்களில் அந்தச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருந்தார்கள். பயிற்றுநர் மேல் குறை சொல்ல மாட்டேன், அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஒரு நாளில் எந்தப் பழக்கமும் வராது, அவ்வளவுதான்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் பீகாரில் 1,224 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஒரு பகுதியினருக்கு நேரில் போய் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். படத்தை எப்படித் தேடிப் பார்ப்பது, பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாம் சொல்லித்தந்தார்கள். பிறகு சோதித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சராசரியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அவர் அதோடு விடவில்லை, அடுத்து என்ன செய்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதுதான் என் முடிவையே மாற்றியது.

இரண்டாவது வழி, இணையத்தில் இருக்கும் வீடியோக்களையும் குறிப்புகளையும் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவது. செலவில்லை, சிரமமில்லை. இதில் அதிக நேரம் நிற்க வேண்டாம். ‘தலைப்பைக் கண்டு ஏமாறாதே, இணைய முகவரியைப் பார்’ என்ற மாதிரிக் குறிப்புகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. அமெரிக்காவில் பலன் தெரிந்தது, இந்தியாவில் நன்கு படித்த இணையப் பயனாளர்களிடமும் தெரிந்தது. வட இந்தியக் கிராமப்புறத்தில் தெரியவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகள் இந்தக் கடைசி வகைக்கு நெருக்கமானவை. ஒரு போனை அம்மா, அண்ணன், தங்கை என்று மூன்று பேர் பயன்படுத்துகிற வீடுகள். அந்தப் போனில் இன்னொரு வீடியோ போய் விழுந்தால் அதுவும் ஒரு ஃபார்வர்டாகத்தான் கிடக்கும்.

மூன்றாவது வழி, இருக்கிற பாடங்களோடு சேர்த்துவிடுவது. கேட்க மிக நியாயமாக இருக்கும் வழி இது. பின்லாந்தில் இப்படித்தான் செய்கிறார்கள், 2016இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பாடத்திட்டத்தில் எல்லாப் பாடங்களிலும் இது கலந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் 2018இலேயே 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தி பற்றிய வகுப்புகள் நடந்தன. 2022இல் மாநிலம் முழுக்க 19.72 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு தகவல் தொழில்நுட்பப் பாடப் புத்தகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பேசியபோது யோசனைகள் கொட்டின. இயற்பியல் சார், திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில நொடிகள் நின்றுவிட்டுப் போகின்றன என்று வருஷக்கணக்காகச் சுற்றும் செய்தியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோளின் வேகம் நொடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர். அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழுந்துவிடும். ஈர்ப்புவிசைப் பாடத்தில் இதைக் கணக்காகவே போடலாம். கோயிலின் பெருமைக்கு அந்தச் செய்தி தேவையில்லை என்பதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டும், வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் சனிப்பெயர்ச்சிக்குப் போய்வருகிறவர்கள். கணக்கு டீச்சர், பட்டை வரைபடத்தில் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 90இல் தொடங்கினால் 95க்கும் 97க்கும் இருக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் போலத் தெரியும் என்பதைக் காட்டலாம் என்றார்.

தமிழ் ஐயாவின் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பாரதி 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தார். அப்போது இங்கே அவரைப் புகைப்படம் எடுத்தார்கள். இன்றைக்குப் பாரதியின் உருவம் என்று போனில் வருபவற்றில் புகைப்படம் எது, ஓவியர் வரைந்தது எது, பழைய படத்துக்கு வண்ணம் பூசியது எது, இயந்திரம் உருவாக்கி வாயசைக்க வைத்தது எது என்று பிள்ளைகளே பிரித்து அடுக்க வேண்டும். அதோடு குரலையும் சேர்க்கலாம். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ நடத்திய ஏ.வி. மெய்யப்பன், கன்னடத்தில் எடுத்த ஒரு படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944இல் வெளியிட்டார். ஒருவர் வாயசைவில் இன்னொருவர் குரலைப் பொருத்தும் வித்தை நம் ஊர்க்காரருக்கு எண்பது வருஷத்துக்கு முன்பே தெரியும். அன்றைக்கு அதற்கு ஒரு ஸ்டூடியோ வேண்டியிருந்தது, இன்று ஒரு செயலி போதும். தலைவர் ஒருவர் பேசுவதுபோல வரும் ஆடியோவை எப்படிக் கேட்க வேண்டும் என்று விளக்க இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது.

இவ்வளவு நல்ல யோசனைகள் இருந்தும் இந்த வழியை முதன்மையாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் எளிது. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் போர்ஷன் முடிக்கும் ஓட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். எல்லோருக்கும் பொதுவான வேலை கடைசியில் யாருடைய வேலையும் இல்லாமல் போகும். மூன்று ஆசிரியர்கள் ஆர்வமாகச் செய்வார்கள், நான்காமவருக்கு மாற்றல் வந்துவிடும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இயற்பியல் வகுப்பில் ஆசிரியரே செய்தியைக் கொண்டுவந்து, ஆசிரியரே உடைத்துக் காட்டுகிறார். பிள்ளை பார்க்கிறது, ரசிக்கிறது. தானாகத் தேடவில்லை.

நான்காவது வழி, பிள்ளைகளே செய்தி தயாரிப்பது. சுவரிதழ், பள்ளி வானொலி, சின்ன வீடியோ, எதுவானாலும் சரி. இந்த மண்ணுக்கு இது ஒட்டிய வேலை. 1920களில் காரைக்குடியிலிருந்து வந்த ‘தனவைசிய ஊழியன்’ இதழுக்கு ராய. சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்தார். சொ. முருகப்பா ‘குமரன்’ நடத்திச் சமூகச் சீர்திருத்தத்துக்காக எழுதினார். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போடும் அச்சுத் தாள்களையும் சேர்த்து வைத்தார். இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அச்சில் வந்த ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் அதை எழுதியவர், அச்சிட்டவர், தேதி என்று ஒரு தடம் இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அந்தச் சேகரிப்பே போதும்.

இந்த வழியின் பலத்தை நான் நேரில் பார்த்தேன். பிளஸ் ஒன் மாணவர்கள் நாலு பேர் சுவரிதழுக்காக ஆத்தங்குடி டைல்ஸ் பற்றி எழுதினார்கள். ‘500 ஆண்டுப் பாரம்பரியம் மிக்க ஆத்தங்குடிக் கல்’ என்று தொடக்கம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்றால், மூன்று ரீல்ஸிலும் ஒரு இணையதளத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். மூன்று பேர் சொன்னால் உண்மை என்பது அவர்கள் கணக்கு. சரி, போய்ப் பட்டறையில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கண்ணாடித் தட்டை வைத்து, அதன் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்குவது வரை செய்து காட்டியிருக்கிறார். அப்புறம் கேட்டாராம், “தம்பி, இதுல பாதி சிமெண்டு. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி சிமெண்டு எங்க இருந்துச்சு?”

திரும்பி வந்து தேடினார்கள். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். அப்படியென்றால் நம் வீட்டுத் தரைகளுக்கு அதற்குமேல் வயசு இருக்க முடியாது. அந்த மூன்று ரீல்ஸும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை என்பதும் பிறகு தெரிந்தது, எழுத்துப்பிழை கூட ஒரே இடத்தில் இருந்தது. அந்த நாலு பேரும் இனி ‘பாரம்பரியம்’ என்ற சொல்லைப் பார்த்தால் தேதி கேட்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அவர்கள் நாலு பேர். வகுப்பில் 52 பேர். மற்ற 48 பேரும் சுவரிதழைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். எப்போதும் எழுதுகிற பிள்ளைதான் எழுதும், வரைகிற பிள்ளைதான் வரையும். லேப்டாப் இணைப்பில் மாட்டிய பையன் சுவரிதழ் பக்கம் வந்ததே இல்லை. யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களை இந்த வழி தொடாமல் போய்விடுகிறது.

அடுத்தது தனிப் பாடவேளை. வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு, வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும். தொடக்கத்தில் இதை நான் அவ்வளவாக விரும்பவில்லை. இன்னொரு பாடம், இன்னொரு நோட்டு என்று ஆகிவிடும் என்ற பயம். அந்தப் பீகார் ஆய்வாளரின் அடுத்த வேலையைப் படித்த பிறகு எண்ணம் மாறியது. ஒரு மணி நேரப் பயிற்சி பலிக்கவில்லை என்று கண்டவர், வேறு சில ஆய்வாளர்களோடு சேர்ந்து மறுபடி பீகாருக்கே போனார். இந்த முறை பெரியவர்களிடம் போகவில்லை. 583 கிராமங்களில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. கிராம நூலகங்களில் நான்கு வகுப்புகள், சில வாரங்களுக்கு ஒன்றாக இடைவெளி விட்டு. பலன் இருந்தது. உண்மையையும் பொய்யையும் பிரித்துப் பார்ப்பதில் முன்னேறினார்கள், நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அது நின்றிருந்தது. அதோடு அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் தேறியிருந்தார்கள். வகுப்பில் உட்காராத அப்பாவும் அம்மாவும்!

அதே மாநிலம், அதே மாதிரியான ஏழ்மை. மாறியது இரண்டுதான்: வயது, திரும்பத் திரும்ப வந்த வகுப்பு. அமெரிக்காவில் லிங்கன் நகரப் பள்ளிகளில் 499 மாணவர்களிடம் செய்த ஆய்விலும் இதே கதை. 50 நிமிடப் பாடவேளைகள் ஆறு. அவ்வளவுதான் கொடுத்தார்கள், வித்தியாசம் தெரிந்தது.

அந்த ஆறு வகுப்புகளில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் 45 பேரை உட்காரவைத்து, அறிமுகமில்லாத இணையதளங்களைக் கொடுத்து நம்பகமா என்று பார்க்கச் சொன்னார்கள். 10 பேர் வரலாற்று அறிஞர்கள், 25 பேர் மாணவர்கள், 10 பேர் செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தத் தளத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள், நடையையும் தோற்றத்தையும் பார்த்து எடைபோட்டார்கள், பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அந்தத் தளத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர்.

இந்தப் பெயரை ஒன்பதாம் வகுப்பில் சொன்னால் கொட்டாவிதான் வரும். நான் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். உங்கள் அக்காவுக்கு ஒரு வரன் வருகிறது. மாப்பிள்ளை வீட்டில் போய், உங்கள் பையன் நல்லவனா என்று கேட்பீர்களா? “கேக்க மாட்டோம் சார், பக்கத்து வீட்டுல கேப்போம்” என்று ஒரே குரலில் வந்தது. கல்யாணத்துக்கு முன் கடைவீதியில் விசாரிப்பது, மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பார்ப்பது, எல்லாம் அவர்கள் வீட்டில் நடப்பதுதான். அப்படியானால் போனில் வந்த கார்டைப் பற்றி அந்தக் கார்டையே ஏன் கேட்கிறோம்? சின்னம் ஒழுங்காக இருக்கிறது, எழுத்து அழகாக இருக்கிறது என்று மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்துப் பெண் கொடுக்கிறோமே? அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் இதற்குப் பெயர் ‘பக்கத்து வீட்டில் கேட்பது’. அந்தத் தொலைக்காட்சியின் பக்கத்தில் அன்றைய தேதியில் இந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதும், படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு முதலில் எப்போது வந்தது என்று பார்ப்பதும், யூடர்ன் போன்ற செய்தி சரிபார்ப்புத் தளங்களிலோ, 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தகவல் சரிபார்ப்பகத்திலோ தேடுவதும் எல்லாம் பக்கத்து வீடுகள்தான்.

தனிப் பாடவேளையின் பெரிய பலம், இந்தப் பழக்கத்தை எல்லோர் கையாலும் செய்ய வைக்கலாம் என்பது. பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது, சரி. ஹைடெக் லேபில் இரண்டு பேருக்கு ஒரு கணினி வரும். முதல் கார்டுக்குக் கணினியைத் தொடாத பிள்ளை அடுத்த கார்டுக்குத் தொட வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் போதும்.

இதில் எனக்கு இருந்த கவலைகளையும் சொல்ல வேண்டும். பொய்களை மட்டுமே எட்டு வாரம் காட்டினால் பிள்ளைகள் எல்லாவற்றையும் பொய் என்று சொல்லத் தொடங்கிவிடும். பயிலரங்கத்துக்குப் பிறகு அப்படித்தான் ஒரு பையன், தடுப்பூசி பற்றிய சுகாதாரத் துறை அறிவிப்பைக்கூட ‘ஃபேக்’ என்றான். ஏமாறுவதைவிட இது எந்த வகையிலும் நல்லதில்லை. அதனால் வகுப்பில் காட்டுபவற்றில் பாதி உண்மையாக இருக்க வேண்டும். இது உண்மை, நம்பலாம், பகிரலாம் என்று முடிவெடுத்து நிமிர்ந்து சொல்லும் தைரியமும் பாடத்தில் ஒரு பகுதி.

அடுத்தது அரசியல். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒரு கட்சிக்கு எதிரான பொய்யை மட்டும் உடைத்தால் மறுநாள் வாசலில் ஆள் நிற்பார்கள், நிற்பதும் நியாயம். முதல் நாலு வாரம் கட்சி வாடையே இல்லாத செய்திகள். அதன் பிறகு வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஜோடியாக. சாதி, ஊர்த் திருவிழாத் தகராறு பற்றிய வீடியோக்கள் எந்த வாரத்திலும் திரையில் வராது. அதே வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் பொய் உயிரைக் குடிக்கும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கிப் போகும் காட்சி. உண்மையில் அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, இவ்வளவு எளிதாகக் கடத்திவிடலாம், கவனமாக இருங்கள் என்று சொல்லும் பகுதியை வெட்டிவிட்டார்கள். அந்த வதந்திப் பீதியில் அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அதன் பிறகுதான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஒரு செய்தி ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்திருந்தால் இரட்டை அம்புக்குறி காட்டும். அந்தக் குறியைப் பார்த்தாலே கை நிற்க வேண்டும், அதற்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று வேறு காரணங்களுக்கான சண்டை வீடியோக்களைச் சுற்றவிட்டபோது, நம் பிள்ளைகளுக்கு ஒன்று உடனே புரிந்தது. இது பொய் என்று நமக்குத் தெரிகிறது, ஆனால் பீகாரில் இருக்கும் அந்தத் தொழிலாளியின் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நம்மைப் பற்றிய பொய்யை மற்றவர்கள் நம்பும்போது வரும் வலியிலிருந்து தொடங்கினால் பாடம் நன்றாகப் பதிகிறது.

எனவே குழுவின் முன் நான் வைக்கப்போவது இது. ஒன்பதாம் வகுப்புக்குத் தனிப் பாடவேளை, வாரம் ஒன்று, எட்டு வாரம், ஜூலை தொடங்கி செப்டம்பருக்குள். ஒன்பதில் பொதுத்தேர்வு இல்லை. டைம் டேபிளில் நூலகப் பாடவேளை இருக்கிறது, அதைத்தான் கேட்கிறேன். பத்தாம் வகுப்பைத் தொட வேண்டாம், அங்கே யாரும் விட மாட்டார்கள். எட்டில் ஐந்தை நான் எடுக்கிறேன். இயற்பியல் சார் ஒன்று, கணக்கு டீச்சர் ஒன்று, தமிழ் ஐயா ஒன்று. அவர்களுடைய நல்ல யோசனைகள் வீணாகாமல், போர்ஷனோடு மோதாமல் இப்படி உள்ளே வந்துவிடும். பிளஸ் ஒன்னுக்குச் சுவரிதழ், ஆனால் விருப்பப்பட்டவர்களுக்கு என்று விடாமல், வகுப்பை எட்டுக் குழுக்களாகப் பிரித்து முறை வைத்து. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே யாரிடம் கேட்டோம், எந்தத் தேதியில் கேட்டோம் என்று எழுத வேண்டும். பயிலரங்கத்துக்கு ஒதுக்கும் பணம் இருந்தால், அதை ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சியாகக் கொடுங்கள். பெரியவர்களான எங்கள் ஆசிரியர் குழுவிலும் வாரம் ஒரு தவறான ஃபார்வர்டு வருகிறது.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வாரமும் வீட்டுக் குழுவில் வந்த ஒரு செய்தியை, அப்பத்தாவுக்கோ ஐயாவுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்துக் காட்டிவிட்டு வர வேண்டும். “உங்களுக்கு ஒண்ணும் தெரியல” என்று பேசக் கூடாது, “வாங்க அப்பத்தா, சேந்து பாப்போம்” என்றுதான் சொல்ல வேண்டும். பீகாரில் பெற்றோர் தேறியதன் ரகசியம் இதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சோதிப்பதற்கு மதிப்பெண் இல்லை. ஜூலை முதல் வாரம் பத்துக் கார்டுகள், பாதி உண்மை, பாதி பொய். செப்டம்பர் கடைசியில் வேறு பத்து. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், முன்கூட்டிச் சொல்லாமல் இன்னொரு பத்து. மூன்றாவது சோதனையைத்தான் குழுவிடம் காட்டுவேன். அதற்கு முன்னால், செப்டம்பருக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஐப்பசி மழை வந்துவிடும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு விடுமுறைக் கார்டும் எங்கிருந்தாவது வரும். மறுநாள் காலை வருகைப் பதிவேட்டை நானே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.